பல்லும் பொழுதறியும்

பல்லைக் கல்லோடு ஒப்பிடுவது நம் வழக்கம். முளைத்தது, இருக்கிறது, ஒருநாள் விழுந்துவிடும். அதற்குமேல் அதில் என்ன உண்டு என்று கேட்போர் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அக்கருத்தை நான் மறுக்கிறேன்.

பல் எலும்பில் அறைந்த ஆணியன்று. வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்த்திசு ஒன்று இருக்கிறது. பல் அதில் ஊஞ்சல்போலத் தொங்குகிறது எனலாம். சாமைச் சோற்றில் சிறு மணல் கடிபட்டதும் தாடை தானே நின்றுவிடுகிறதே, அவ்வுணர்ச்சி எழுவது இந்நாரிலிருந்துதான். கல்வராயன் மலையிலிருந்து வந்து நம்மோடு பயிலும் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விசை ஒரே பக்கம் தொடர்ந்து அழுத்தினால் அப்பக்கத்து எலும்பு கரைகிறது, இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது, பல் நகர்கிறது. கோணல் பல்லுக்குக் கம்பி கட்டும் வித்தை இவ்வளவே.

இனிப் பொழுதுக்கு வருவோம். மூளையில் ஒரு தலைமைக் கடிகாரமும் உடலின் உயிரணுக்களில் கிளைக் கடிகாரங்களும் ஓடுகின்றன. ஜீன்கள் அவற்றை இயக்கும் முறையைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவரும் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர். மேற்சொன்ன நார்த்திசுவின் உயிரணுக்களிலும் அந்த ஜீன்கள் உண்டு. பல்லின் எனாமலோ, ஈறுக்குள் உருவாகும்போதே நாளுக்கொரு கோடு வீதம் தன் வளர்ச்சியைக் குறித்துவைக்கிறது. மரத்துக்கு ஆண்டு வளையம்; பல்லுக்கு நாட்கோடு!

விசையும் பொழுதும் சந்திக்கும் இடமே எனக்குப் பெருவியப்பு. 2001-இல் வெளியான ஆய்வொன்றில் எலிகளின் பற்களுக்கு விசை கொடுத்துப் பார்த்தார்கள். பகலில் மட்டும் விசை பெற்ற பல், இரவில் மட்டும் பெற்ற பல்லைவிட ஏறத்தாழ இருமடங்கு நகர்ந்தது. விசை ஒன்றே, பொழுதுதான் வேறு. எலிக்குப் பகலே உறங்கும் வேளை என்பதை மறவாதீர்கள். "நம் முன்னோர் அன்றே நாழிகை பார்த்தார்கள்" என்று இதைக்கொண்டு மேடையேற நினைப்போர் சற்றுப் பொறுக்க வேண்டும். எலியின் தாடையிலிருந்து மனிதத் தாடைக்கு ஒரே தாவலில் தாவ முடியாது. ஆயினும் கழற்றி மாட்டும் கிளிப்பை எந்நேரம் அணிந்தார்கள் என்பதையும் மருத்துவர்கள் குறித்துவரலாம் என்பது என் எண்ணம். செலவில்லாத வேலைதானே?

என் தந்தையார் அரவைப் பருவத்தில் இரவெல்லாம் கரும்பு லாரி ஓட்டுபவர். ஆலை வாசலில் வரிசையில் காத்திருக்கையில் உறக்கத்தை விரட்டுவது சர்க்கரை தூக்கலான தேநீர். உமிழ்நீரோ பிற்பகலில் மிகுந்து, இரவில் குறைந்து, உறக்கத்தில் ஏறக்குறைய நின்றேவிடும். பல்லைக் கழுவிக் காக்கும் அந்நீர் குறைந்த வேளையில்தான் இனிப்பு உள்ளே போகிறது. ஐம்பது வயதிற்குள் அவருக்குக் கடைவாய்ப் பற்கள் நான்கு போயின.

அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிகளைப் பார்ப்பது பெரும்பாலும் முற்பகலில். அவ்வேளையில் இரவு வேலைக்காரர் உறங்குகிறார். வெள்ளிமலைப் பக்கத்துக்காரர் பேருந்தில் வந்துகொண்டிருக்கிறார். பிறகு ஒருநாள் வலி பொறுக்காமல் வந்து பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். வாரத்தில் ஒருநாளேனும் மாலையில் பல் மருத்துவம் பார்க்கக் கூடாதா? நம் நாட்டு நலப்பணித் திட்டத்தார் மலையில் அடுத்த முகாம் நடத்தினால் பல் மருத்துவரை மாலை ஐந்து மணிக்குமேல் அழைக்கட்டும். காலையில் அங்கே ஊரில் ஆளிருக்காது. எல்லோரும் கொல்லைக்குப் போயிருப்பார்கள்.