ஏரிப் பாசியும் நமது சங்கங்களும்

கோடை முதிர்ந்து நீர் குறையும் காலத்தில், நம் பக்கத்து ஏரி குளங்களில் எஞ்சிய நீர் பச்சை வண்ணம் கரைத்தாற்போல் ஆகிவிடுவதை அங்கத்தினர்கள் கண்டிருப்பார்கள். அதனோடு ஒரு வழக்கும் தொடங்கிவிடும். சாயப் பட்டறைக் கழிவே காரணம் என்பார்கள் விவசாயிகள். வயலில் கொட்டும் உரமே காரணம் என்பார்கள் நெசவாளர்கள். வெண்ணந்தூர் வட்டாரத்தில் தறியும் ஏரும் ஒரே வீட்டில் இருப்பதுண்டு. ஆகவே, இவ்வழக்கில் விஞ்ஞானம் சொல்லும் சாட்சியம் என்ன, நம் சங்கங்களின் கடமை என்ன என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

பாசி என்பது ஒரே பொருள் அன்று. நூலிழைபோல் கையில் வரும் பச்சைப் பாசி ஒன்று. கண்ணுக்குத் தெரியாத சிலிக்காக் கூட்டுக்குள் வாழும் டயாட்டம் மற்றொன்று. நீலப்பச்சைப் பாசி எனப்படுவதோ உண்மையில் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இவ்வுலகின் காற்றில் பிராணவாயுவை நிரப்பத் தொடங்கியது இவ்வினமே. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். ஓ. பி. ஐயங்கார் (1886–1963) இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படுகிறார். அவர் வழியில் வந்த டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி எழுதிய பெருநூல் 1959-இல் வெளிவந்தது. உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் அதனைக் கையாண்டு வருகின்றனர். இத்துறையில் தமிழ்நாடு பின்தங்கியதன்று.

இவ்வினத்தின் நற்பணி நெல் வயலில் விளங்குகிறது. நீர் கட்டிய வயலில் வாழும் அனபீனா, நாஸ்டாக் முதலியவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி மண்ணுக்கு உரமாக்குகின்றன. 1939-இல் பி. கே. டே என்னும் நம் நாட்டு விஞ்ஞானி இவ்வுண்மையை நிலைநாட்டினார். ஹெக்டேருக்கு ஒரு போகத்தில் 20 முதல் 30 கிலோ வரை நைட்ரஜன் இவ்வாறு கிடைக்கக்கூடும் என்பது வேளாண்மைத் துறையினர் கூறும் கணக்கு. அசோலா என்னும் நீர்ப்பெரணியின் இலைக்குள் குடியிருந்து அதனை உரமாகவும் கால்நடைத் தீவனமாகவும் ஆக்குவதும் அனபீனாவே.

அதே இனத்தின் மற்றொரு முகம் ஏரியில் தோன்றுகிறது. மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை தம்முள் காற்றுப் பைகளைக் கொண்டு மேலே மிதந்து, நீரின் மீது ஆடைபோல் படர்ந்து, கீழே வெயில் புகாதபடி மூடிவிடுகின்றன. இரவில் அவையும், அழுகும் பாசியை உண்ணும் கிருமிகளும் நீரிலுள்ள பிராணவாயுவை உண்டுவிடுகின்றன. விடியற்காலையில் மீன்கள் வாய் திறந்து மேலே வருவது இதனாலேயே. இவற்றுட் சில ஈரலைத் தாக்கும் நஞ்சையும் உண்டாக்குகின்றன. காய்ச்சினாலும் அந்நஞ்சு நீங்காது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஏரிநீரில் இந்நஞ்சு கண்டதால், நான்கு லட்சம் பேருக்கு மேல் சில நாள் குழாய் நீரைக் குடிக்கலாகாது என்று தடுக்கப்பட்டனர். செல்வமிக்க நாட்டின் பெருநகருக்கே இந்நிலை என்றால், சிற்றூர்க் குளத்தில் மாட்டுக்கு நீர் காட்டும் நமக்கு எச்சரிக்கை வேண்டாமா?

இனி வழக்கிற்கு வருவோம். 1973-இல் கனடா நாட்டு விஞ்ஞானிகள் 226 என்னும் எண்ணுடைய ஏரியைக் குறுக்கே திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் கரியும் நைட்ரஜனும் மட்டும் சேர்த்தனர். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தனர். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் நீலப்பச்சைப் பாசியால் மூடுண்டது. ஏரியைப் பச்சையாக்கும் திறவுகோல் பெரும்பாலும் பாஸ்பரஸே என்பது அன்று தெளிவாயிற்று.

இந்தப் பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது? மழையில் கரையும் வயல் மண்ணிலிருந்து வருகிறது. நாமக்கல் மாவட்டத்தில் மலிந்து கிடைக்கும் கோழி எருவைக் கரையோரம் குவிப்பதால் வருகிறது. சாக்கடையிலிருந்தும் சலவைத் தூளிலிருந்தும் வருகிறது. பாவுக்கு இடும் கஞ்சிக் கழிவும் மரவள்ளி ஆலைக் கழிவும் ஓடையில் அழுகிப் பிராணவாயுவைக் குறைப்பதால், அடிச் சேற்றில் அடங்கியிருந்த பாஸ்பரஸ் மீண்டும் நீரில் கலக்கிறது. சாய நீருக்கு உப்பும் நிறமும் ஆகிய வேறு குற்றங்கள் உண்டு. அவற்றை மறைக்க நான் முயலவில்லை. ஆனால் ஏரியின் பச்சைக்கு இரு சாராரும் கூட்டுப் பொறுப்பாளிகள் என்பதே நியாயமான தீர்ப்பாகும்.

இதில் சங்கத்தின் பணமும் அடங்கியிருக்கிறது. பாஸ்பேட் உரத்திற்கு வேண்டிய மூலப்பொருளில் பெரும்பகுதி அந்நிய நாடுகளிலிருந்து வருவது. அவ்வுரத்தை அங்கத்தினர் சங்கக் கடனில் வாங்குகின்றனர். அது பயிருக்குப் போகாமல் ஏரிக்குப் போனால், விளைச்சலும் இல்லை, நீரும் இல்லை. கடன் மட்டும் பேரேட்டில் நிற்கும்.

ஆகவே என் யோசனைகள் சில. மண் பரிசோதனை அட்டையைப் பார்த்தே உரக்கடன் வழங்கும் வழக்கத்தை விவசாயச் சங்கங்கள் கொள்ளலாம். நெல் நடுவோருக்குப் பாசி உரமும், கறவை மாடு வைத்திருப்போருக்கு அசோலா விதையும் சங்கக் கிடங்கில் கிடைக்கச் செய்யலாம். நெசவாளர் சங்கங்கள் கஞ்சி நீரையும் சாய நீரையும் ஓடையில் விடாமல் தொட்டியில் சேர்த்துச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டைத் தனித்தனியே அன்றிக் கூட்டாகச் செய்தால் செலவு தாங்கும். பச்சை நீரில் மயில்துத்தத்தைக் கொட்டுவதைக் கைவிட வேண்டும். பாசி செத்து உடையும்போது உள்ளிருக்கும் நஞ்சு நீரில் பரவிவிடும்.

எல்லாவற்றினும் மேலாக, வண்டல் அள்ளும் பழைய வழக்கத்தை உயிர்ப்பிக்க வேண்டும். ஓடிப்போன உரம் ஏரியின் அடியில்தான் படிந்து கிடக்கிறது. கோடையில் அரசு அனுமதி பெற்று அதனை அள்ளி வயலில் இட்டால், ஏரிக்கு மிகுதியாய் இருப்பது நிலத்தின் குறையைத் தீர்க்கும். வண்டி, ஆள், செலவு ஆகியவற்றைத் தனியொருவர் தாங்குவது அரிது, சங்கம் தாங்கும்.

அடுத்த மகாசபைகளில் நெசவாளர் சங்கத்தாரும் விவசாயச் சங்கத்தாரும் இதற்கென ஒரு கூட்டுக் குழுவை அமைக்கத் தீர்மானம் கொண்டுவருவார்களாக. வழக்காடுவதற்குச் செலவிடும் காலத்தை வண்டல் அள்ளுவதற்குச் செலவிட்டால், இரு சாராருக்கும் நீர் மிஞ்சும்.