கடை வாசலில் ஓடும் வீதிக்கும் நம் பிள்ளை வேண்டும்

வியாபாரத்துக்கு எது முக்கியம் என்று கேட்டால் சிலர் முதல் என்பார்கள், சிலர் கைராசி என்பார்கள். நான் வீதி என்பேன். புறக்கோட்டையில் பின்னேரம் ஏற்றிய சாமான் விடியும் முன் ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடிக் கடைகளில் இறங்கினால்தான் அன்றைய வியாபாரம். அதற்காக ஒரு சாரதி இரவு முழுக்கக் கண்விழிக்கிறார். ஹபரணைப் பக்கம் யானை, வெலிக்கந்தை தாண்டினால் கட்டாக்காலி மாடு, கல்லடி தாண்டினால் நமது கடைத்தெரு நெரிசல். புடைவைக் கடை வைத்திருக்கும் நான், லொறி வந்து சேரும் வரை நிம்மதியாகத் தூங்கிய இரவுகள் குறைவு.

யுத்தம் முடிந்த பின் நம் பகுதி வீதிகள் மாறிவிட்டன. 2013 இல் கல்லடிப் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2014 இல் மண்முனைப் பாலம் வந்து, பாதை ஓடத்துக்குக் காத்திருந்த காலம் முடிந்தது. நல்ல விடயம்தான். ஆனால் வீதி அகலமானதும் வேகமும் கூடியது. இலங்கையில் ஆண்டுதோறும் 2,000 க்கும் மேற்பட்டோர் வீதி விபத்தில் இறக்கின்றனர். 2025 மே மாதம் கொத்மலையில் ஒரு பஸ் விபத்தில் மட்டும் 20 க்கும் மேற்பட்டோர் போனார்கள். உலகில் 5 முதல் 29 வயது வரையானோரின் மரணத்துக்கு வீதி விபத்தே முதற் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது நமது கடையில் நாளை உட்கார வேண்டிய வயது.

ஒரு விபத்து நடந்தால் நாம் என்ன செய்கிறோம்? கூட்டம் கூடுகிறோம், மனு எழுதுகிறோம். மஞ்சள் கடவை எங்கே வர வேண்டும், வளைவில் என்ன பலகை நட வேண்டும், எந்தச் சந்திக்கு விளக்கு தேவை என்பதையெல்லாம் தீர்மானிப்பது மேசையில் இருக்கும் உத்தியோகத்தர்கள். கொழும்பு - மட்டக்களப்பு ஏ4 வீதியும், திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதியும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளவை. வாகனத்தைப் பரிசோதிப்பது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். சட்டத்தை நடைமுறைப்படுத்துவது பொலிஸ். எனக்குத் தெரிந்த வர்த்தகர் வீடுகளில் மனு எழுதத் தெரிந்தவர் நிறையப் பேர்; அந்த மனுவைப் படித்து அளவுநாடா பிடிக்கத் தெரிந்த பிள்ளை மிகக் குறைவு.

டொக்டர், எஞ்சினியர், இல்லாவிட்டால் கடை அல்லது கட்டார். நமது வீடுகளில் இதற்கு வெளியே ஒரு வழி பேசப்படுவதில்லை. ஆனால் வழி இருக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் திறமைச் சித்தியோடு எடுத்த பிள்ளைக்குத் தொழில்நுட்பக் கல்லூரி திறந்திருக்கிறது. மட்டக்களப்பிலும் உண்டு, சம்மாந்துறையிலும் உண்டு. உயர் தரத்தில் கணிதப் பிரிவு படித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல் போனவருக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவும், பொறியியல் உயர் தேசிய டிப்ளோமாவும் உள்ளன. இவைதான் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பதவிக்கான ஏணிப்படிகள். பொறியியலாளராக வர வேண்டுமென்றால் பட்டம் வேண்டும். அதற்கும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் 2012 முதல் பொறியியல் பீடம் இயங்குகிறது. மோட்டார்ப் பக்கம் படித்தவருக்கு வாகனப் பரிசோதகர் பதவி இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் இந்த வாசல்கள் மூடியவை அல்ல.

அரச பதவிகளுக்கான அறிவித்தல் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும். வயதெல்லை, தகைமை, முடிவுத் திகதி எல்லாம் அதில் தெளிவாக இருக்கும். புறக்கோட்டை விலைப்பட்டியலை வரி வரியாகப் பார்க்கும் நாம், வர்த்தமானியை ஒரு தடவையாவது புரட்டியிருக்கிறோமா? இன்னொன்று மொழி. அரச சேவையில் சேர்ந்தவர் குறித்த காலத்துக்குள் இரண்டாம் அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். வியாபாரத்தால் நமக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. பிள்ளைக்கு எழுத்தும் வர வேண்டும். இரண்டு வருட டியூஷன் பணம் அது, அவ்வளவுதான்.

"சம்பளம் போதாது, தெரிந்த ஆள் இல்லாமல் கிடைக்காது" என்பார்கள். சம்பளம் ஒரு நல்ல கடையின் இலாபத்துக்கு ஈடில்லை என்பது உண்மை. ஆனால் 2020, 2022 ஆகிய வருடங்களில் கடை பூட்டிக் கிடந்தபோது, வீட்டில் ஒரு மாதச் சம்பளம் வந்த குடும்பம் எப்படித் தாக்குப் பிடித்தது என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். தெரிந்த ஆள் விடயத்துக்கு என் பதில் இதுதான்: தகைமையே இல்லாத பிள்ளைக்கு எந்த ஆளைப் பிடித்தும் பயனில்லை. விண்ணப்பிக்காதவனுக்கு அநியாயம் நடந்தது என்று முறையிடவும் முடியாது.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறேன். நம் பிள்ளை அந்தக் கதிரையில் இருந்தால் நடைபாதையில் நாம் பரப்பி வைத்த சாமானைக் கண்டும் காணாமல் விடுவான் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து அனுப்ப வேண்டாம். நடைபாதை நமது சாமானால் நிறைந்திருப்பதால்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீதியில் இறங்கி நடக்கிறார்கள். முதலில் நமது கடைக்கு நோட்டீஸ் கொடுக்கத் துணிந்த பிள்ளைதான் அந்த வேலைக்குத் தகுதியானவன். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது நன்மை என்று மத்ரஸாவில் கற்றுக்கொடுக்கிறோம். அதையே உத்தியோகமாகச் செய்யட்டும்.

வர்த்தகர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடா வருடம் இப்தாருக்கும் பாராட்டு விழாவுக்கும் செலவழிக்கிறோம். அதில் ஒரு பங்கை ஒதுக்கி, ஊருக்கு இரண்டு பிள்ளைகளை இந்தத் துறையில் படிக்க வையுங்கள். சங்கக் காரியாலயத்தில் வாராவாரம் வர்த்தமானி அறிவித்தல்களை ஒட்டுங்கள். சாதாரண தரப் பெறுபேறு வரும் நாளிலிருந்து கணக்குப் பார்த்தால், ஐந்தாறு வருடத்தில் பலன் தெரியும். கடனுக்குச் சாமான் கொடுத்துவிட்டு அதைவிட நீண்ட காலம் காத்திருந்தவர்கள்தானே நாம்?