எக்கோ சவுண்டருக்குச் சாதி தெரியாது, மானியப் பட்டியலுக்குத் தெரியும்

ஏலாக்குறிச்சிக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று ஆய்வு நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். எங்கள் ஊர் அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அடைக்கல மாதா கோயிலும் வீரமாமுனிவரும்தான் ஊரின் அடையாளம். கடல் இந்த மண்ணை விட்டு விலகிப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. அது விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்லைத்தான் அரியலூரின் சிமெண்ட் ஆலைகள் இன்றுவரை தோண்டிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் எங்கள் ஊர் ஓரத்து ஆறு கடலில்தான் போய் முடிகிறது. மயிலாடுதுறை மாவட்டத்தில் பழையாறு மீன்பிடித் துறைமுகத்துக்கும் கொடியம்பாளையத்துக்கும் பக்கத்தில் கொள்ளிடத்தின் முகத்துவாரம். அங்கே சிறு படகுகளில் எந்தக் கருவி யார் கைக்கு வருகிறது, யார் கைக்கு வருவதில்லை என்பது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. அப்படி நான் பார்த்த கருவிகளில் ஒன்று கலர் எக்கோ சவுண்டர். மீனவர்கள் சுருக்கமாக ‘எக்கோ’ என்கிறார்கள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய திரைதான். அதைப் பற்றிப் பேசினால் சாதியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் கருவி

படகின் அடியில் ஒரு சிறு உணரி இருக்கும். அது தண்ணீருக்குள் ஒலித் துடிப்பை அனுப்பும். ஒலி தரையில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துக் கருவி ஆழத்தைக் கணக்கிடும். கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர். 30 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஒரு நொடியில் 25ல் ஒரு பங்கு நேரம் போதும். 1948ல் ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள் இதே அடிப்படையில் மீன் தேடும் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று பைபர் படகில் 12 வோல்ட் பேட்டரியில் அது ஓடுகிறது.

நிறம் என்பது மீனின் நிறமல்ல, எதிரொலியின் வலிமை. பலமாகத் திரும்பினால் சிவப்பு, அதற்குக் குறைந்தால் மஞ்சள், பச்சை, மிகப் பலவீனமாக இருந்தால் நீலம். பாறைத் தரை என்றால் சிவப்புக் கோடு தடித்து விழும். சில நேரம் அதே கோடு இரண்டு மடங்கு ஆழத்தில் இன்னொரு முறை தெரியும். ஒலி தரைக்கும் கடல்மட்டத்துக்கும் இடையே இரண்டு தடவை போய் வந்ததன் அடையாளம் அது. சேற்றுத் தரை ஒலியை விழுங்கிவிடும், கோடு மங்கும். மீனைக் காட்டிக்கொடுப்பதில் பெரும்பங்கு அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பைக்கு. காற்றுப் பை இல்லாத சுறாவும் கணவாயும் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

சிறு படகில் இதை வைத்துக்கொள்வதே ஒரு வேலை. விசைப்படகுபோல அடித்தளத்தில் நிரந்தரமாகப் பொருத்த முடியாது. கரையில் மணலில் இழுத்து ஏற்றும்போது உணரி உடைந்துவிடும். அதனால் ஒரு கம்பியில் கட்டிப் படகின் ஓரத்தில் இறக்குகிறார்கள். இன்ஜின் விசிறி கிளப்பும் குமிழிகளுக்குப் பக்கத்தில் இறக்கினால் திரை முழுக்கப் புள்ளிதான். உணர்திறனைக் கூட்டினால் ஒன்றுமில்லாத தண்ணீரும் நிறம் காட்டும், குறைத்தால் இருக்கிற மீனும் மறையும். 200 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கற்றை குறுகலாக, விவரமாகத் தெரியும். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழத்துக்குப் போகும், ஆனால் அகலமாகப் பரவும்.

பைபர் படகு வைத்திருக்கும் ஓர் அண்ணன் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இதுதான்: “தம்பி, திரையில வலது ஓரத்துல விழுற கோடுதான் இப்ப. மத்ததெல்லாம் நாம கடந்து வந்தது. இடது பக்கம் மீன் தெரியுதுன்னு இடது பக்கம் வலை விடுவாங்க புதுசா வர்றவங்க.” திரையில் விழுவது கடலின் வரைபடம் அல்ல, கடந்துபோன நேரத்தின் பதிவு. இதைப் பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு பருவம் ஆனதாம். அவருடைய அப்பாவுக்கு ஆழம் என்பது ஈயக்குண்டு கட்டிய கயிறு. இரண்டு கைகளை விரித்தால் ஒரு பாகம், இத்தனை பாகம் தண்ணீர் என்று கணக்கு. கரையில் தெரியும் கோபுரத்தையும் பனைமரத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து பாறை இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்வார். மகனுக்கு ஜிபிஎஸ் எண்ணும் எக்கோவும் போதும்.

‘ரத்தத்தில் ஊறிய’ அறிவு எது?

இவ்வளவு விளக்கியதற்குக் காரணம் இருக்கிறது. கடல் தொழிலைப் பற்றி நம்மிடையே ஒரு பேச்சு உண்டு: கடலறிவு மீனவருக்கு ரத்தத்தில் ஊறியது, பிறப்பிலேயே வருவது. கேட்கப் புகழ்ச்சியாக இருக்கும். அந்த அண்ணன் இந்தக் கருவியைக் கற்ற விதம் அதை மறுக்கிறது. அவர் பார்த்தார், தவறவிட்டார், பக்கத்துப் படகுக்காரரிடம் கேட்டார், கற்றார். அவருடைய அப்பா பாகக் கணக்கைக் கற்றதும் அப்படித்தான். அறிவு உழைப்பில் வந்தது. உழைக்கும் வாய்ப்புத்தான் பிறப்பில் வந்தது.

1953ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைப் பெரியார் ‘குலக்கல்வி’ என்று சொல்லி எதிர்த்தது இந்த இடத்தில்தான். 1954ல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. 70 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் படகு கட்டுவதும் மீன்வலை பின்னுவதும் இருந்தன. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஏற்க மறுத்தது. சரியான மறுப்பு. ஆனால் நம் கரையில், நம் அலுவலகங்களில், அதே நிபந்தனை எழுதப்படாமல் இயங்குகிறது என்பதையும் பேச வேண்டும்.

கையால் கடல் படிப்பவர்கள்

கொள்ளிடம் முகத்துவாரத்துக்கு வடக்கே பிச்சாவரம். அந்தக் கழிமுகக் கால்வாய்களில் இருளர் மக்கள் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்து வந்தவர்கள். சேறு எங்கே இளகும், நீரேற்றம் எப்போது திரும்பும், எந்த வேரடியில் இறால் பதுங்கும் என்பதெல்லாம் விரல் நுனியில். எக்கோ சவுண்டர் ஒலியால் செய்வதை அவர்கள் தோலால் செய்தார்கள். ஆனாலும் ‘பாரம்பரிய மீனவர்’ என்ற சொல்லுக்குள் நெடுங்காலம் அவர்கள் வரவில்லை. வலையும் படகும் வைத்துக்கொள்ளவே போராட வேண்டியிருந்தது.

அவர்களில் ஒருவரிடம் அந்தத் திரையின் புகைப்படத்தைக் காட்டினேன். சிரித்தார். “இந்தப் பொட்டி காட்டுறது எங்க கைக்கே தெரியுதுங்க சார். ஆனா கைக்குத் தெரியிறத எந்த ஆபீஸ்லயும் எழுதிக்க மாட்டேங்கிறாங்க.”

இருளர் மட்டுமல்ல. உப்பங்கழியில் மீனும் நண்டும் பிடிக்கும் தலித்துகள், ஐஸ் உடைத்து, பெட்டி தூக்கி, இறால் உரிக்கும் தலித் பெண்கள் எல்லோரும் மீன் தொழிலில்தான் பிழைக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் என்ன நடந்தது என்பதை நம் தலைமுறை படித்தாவது தெரிந்துகொள்ள வேண்டும். படகு இழந்தவர் மீனவர். அந்தப் படகை நம்பிக் கூலி பெற்றவர் யாருமில்லை. நிவாரணக் கணக்கெடுப்பில் தலித்துகள் விடுபட்டார்கள், முகாம்களில் ஒதுக்கப்பட்டார்கள். கடல் சாதி பார்த்து அடிக்கவில்லை. கரை சாதி பார்த்துக் கொடுத்தது.

பட்டியலின் கணக்கு

இப்போது பணத்துக்கு வருவோம். 2020ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மொத்த மதிப்பு 20,050 கோடி ரூபாய். படகு, வலை, தகவல்தொடர்புக் கருவி என்று தனிநபர் பயனாளிகளுக்கான இனங்களில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு உதவி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 60 விழுக்காடு. ஒரு லட்சம் ரூபாய்ச் செலவு என்றால் ஒருவர் 60,000 திரட்ட வேண்டும், இன்னொருவர் 40,000 திரட்டினால் போதும். அந்த 20,000 ரூபாய் வித்தியாசம், மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் பிடித்ததையெல்லாம் அவர் சொல்லும் விலைக்கே கொடுப்பதா, வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும்.

காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் 60 விழுக்காட்டைக் கேட்க வரிசையில் நிற்பதற்கு முன் மீனவர் என்று நிரூபிக்க வேண்டும். கூட்டுறவுச் சங்க உறுப்பினர் எண், பதிவான படகு, அடையாள அட்டை. சங்கம் ஊரோடு ஒட்டியது. ஊர் என்பது சாதியோடு ஒட்டியது. ஆக, சாதிச் சான்றிதழ் வைத்திருப்பவரிடம் சங்க உறுப்பினர் எண் இல்லை. உறுப்பினர் எண் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் மிகப் பிற்படுத்தப்பட்டோர் அல்லது பிற்படுத்தப்பட்டோர். இருளருக்கோ அந்தப் பழங்குடிச் சான்றிதழை வாங்குவதே தனிப் போராட்டம்.

இதில் எங்கள் ஊரும் வருகிறது. கொள்ளிடத்தில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் வலை வீசும் ஒரு தலித் கிறித்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்று மீனவர் என்று அவரை ஏற்கவைத்ததாகவே வைத்துக்கொள்வோம். அவருக்கு 60 கிடையாது, 40தான். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். சீக்கியர் 1956லும் பௌத்தர் 1990லும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரான தலித் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். தெருவில் அவரைத் தலித்தாக நடத்துபவர்களுக்கு அவருடைய ஞானஸ்நானம் ஒரு பொருட்டே இல்லை. கல்லறையில்கூடத் தனி இடம் ஒதுக்கிய திருச்சபைகள் தமிழகத்தில் உண்டு. அரசுக் கோப்பில் மட்டும் மதம் மாறியதும் சாதி கரைந்துவிடுகிறது. இந்த மதத் தடையை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007லேயே பரிந்துரைத்தது. அதன் பிறகும் 2022ல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். அந்த ஆற்றங்கரை மனிதருக்கு ஆணையங்களின் எண்ணிக்கைதான் கூடியது.

இரண்டு எளிய பதில்கள்

இந்தப் பிரச்சினைக்கு நம் தோழர்களிடம் இரண்டு தயார் பதில்கள் இருக்கின்றன. ஒன்று, தொழில்நுட்பம் வந்தால் சாதி உடையும். முன்பு பாறை இருக்கும் இடம் குடும்ப ரகசியம். இன்று அது ஜிபிஎஸ் எண்ணாக உறவுக்குள், சாதிக்குள் சுற்றுகிறது. கருவி மாறியது, ரகசியத்தின் வேலி மாறவில்லை. வங்கியும் கைபேசியும் உடைக்காத சாதியை எக்கோ உடைத்துவிடும் என்று நம்ப என்னிடம் காரணமில்லை.

இரண்டாவது பதில், பாரம்பரிய அறிவைக் காக்க வேண்டும், கருவியே வேண்டாம். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரவில் கடலுக்குப் போகாதவர்கள். தரை எங்கே மேடாகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் வலை பாறையில் கிழியாது, டீசல் வீணாகாது, முகத்துவார மணல்மேட்டில் படகு தட்டாது. அந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று இன்னொருவருக்காக முடிவெடுக்க நாம் யார்? மேலும் ‘பாரம்பரியம்’ என்ற சொல்லை உயர்த்திப் பிடிக்கும்போதே, அந்தப் பாரம்பரியத்துக்குள் விடப்படாதவர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறோம்.

கருவியின் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. எக்கோ படகுக்கு நேர் கீழே மட்டும் பார்க்கும். பெரிய படகில் பொருத்தும் சோனார் சுற்றிலும் பார்க்கும். அது சுருக்குமடி வலையோடு சேரும்போது ஒரு கூட்டம் மீனையே ஒரே வளைப்பில் அள்ளிவிடும். தமிழ்நாடு 2000லேயே தடை செய்த வலை அது. 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள்கள் மட்டும் என்ற நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி தந்தது. மயிலாடுதுறைக் கடற்கரையில் இதற்காக மீனவரும் மீனவரும் மோதிக்கொண்டார்கள். சிறு படகு மீனவரின் பங்கைப் பறிப்பது கழியில் கை போட்டுத் தடவும் இருளரோ, பெட்டி தூக்கும் தலித்தோ அல்ல. மூலதனம்தான் பறிக்கிறது. பட்டினவர் இளைஞர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களையும் கரையில் நாற்றமெடுத்தவர்கள் என்று ஒதுக்கியது இதே சாதிதான். அதை உங்களுக்குக் கீழே இருப்பவர் மேல் நீங்கள் செலுத்தும்போது லாபம் அடைவது பெரிய படகின் முதலாளி.

என்ன கேட்க வேண்டும்?

மனிதர் தன் தொழிலைத் தன் திறனையும் விருப்பத்தையும் கொண்டு தேர்ந்தெடுக்க முடியாதபடி சாதி தடுக்கிறது என்பது 1936ல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் முன்வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதைக் கொள்ளிடத்தின் கரைக்குக் கொண்டுவந்தால் நம் கோரிக்கைகள் தெளிவாகவே இருக்கின்றன.

மீனவர் யார் என்பதைச் செய்யும் வேலையைக் கொண்டு கணக்கெடுக்க வேண்டும். கடல், கழிமுகம், ஆறு, ஏரி எல்லாவற்றிலும். கரை வேலை செய்யும் பெண்கள் உட்பட. ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கத்திலும் எந்தச் சமூகத்தினர் எத்தனை பேர் உறுப்பினர், எத்தனை விண்ணப்பங்கள் ஏன் நிராகரிக்கப்பட்டன என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தனிப்படகு இல்லாதவர்கள் குழுவாகச் சேர்ந்து படகும் கருவியும் வாங்க அதே 60 விழுக்காடு உதவி கிடைக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பேராசிரியர்கள் கரைக்கு வந்து, எக்கோவை இயக்கவும் படிக்கவும் தமிழில், சங்க எண் கேட்காமல், வருகிற யாருக்கும் கற்றுத்தரலாம். தலித் கிறித்தவருக்கும் தலித் இசுலாமியருக்கும் எதிரான மதத் தடை நீங்க வேண்டும்.

இந்தத் தளத்தைப் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலையும் சொல்கிறேன். உங்கள் ஊருக்கு அருகில் உள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கையைச் சமூக வாரியாகக் கேட்டு மீன்வளத்துறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் செலவு. சங்க உறுப்பினர்களின் பட்டியலையும், உண்மையில் தண்ணீரில் நிற்பவர்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே விடுபட்ட பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மானிய அறிவிப்பு வரும்போது அந்தப் பெயர்களோடு அலுவலக வாசலில் நிற்போம்.