யந்திரம் மாறினால் இலக்கணம் மாறுமோ?

தமிழுக்கு இலக்கணம் வகுத்த முனிவர் பொதிகையில் உறைந்தார் என்று கேட்டு வளர்ந்தவர் தென்காசியினராகிய நாம். அப்பொதிகையின் பெயரையே அறியாத இலக்கண நிரல் ஒன்றை அண்மையிற் கண்டோம். நம் மாணவர் இருவர், சொல்லைப் பகுத்து வேற்றுமையும் விகுதியும் காட்டும் அந்நிரலைத் தத்தம் கணினியில் இயக்கினர். ஒன்று லினக்ஸில் நடப்பது; மற்றொன்று விண்டோஸில் நடப்பது. முன்னதில் ‘பொதிகையில்’ என்பது ஏழாம் வேற்றுமை என்று விடை வந்தது. பின்னதில் அப்படியொரு சொல்லே இல்லையென்று வந்தது. செங்கோட்டைக்கும் அக்கதியே நேர்ந்தது. குற்றாலம் மட்டும் இரண்டிலும் பிழைத்தது!

காரணம் ‘பொ’, ‘கோ’ என்னும் எழுத்துக்களில் இருந்தது. யூனிக்கோட் முறையில் ‘பொ’வைப் பகரமும் ஒகரக்குறியுமாக வைக்கலாம், பகரமும் கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். இரண்டும் சமமென்பது அம்முறையின் விதியே. ஆயினும் தட்டச்சு செய்யும் நிரலுக்கேற்ப ஒரு கணினியில் ஒருவகையும் பிறிதொன்றில் மறுவகையும் பதிவாகின்றன. மாக்கின்டோஷில் 2017க்கு முன்பிருந்த கோப்பு முறையோ, கோப்பின் பெயரையே பிரித்து வைத்துக்கொள்ளும். ஏட்டுச் சுவடியிலும் காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை தோன்றாது. படிப்பவர் இடம் நோக்கி உணர்ந்தனர். யந்திரத்துக்கு அவ்வுணர்வு ஏது?

இதனினும் நகைப்புக்குரியது ஒன்றுண்டு. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கண்ணுக்குத் தெரியாத இரு குறிகளை இடும். லினக்ஸ் ஒன்றே இடும். விண்டோஸில் எழுதிய சொற்பட்டியலை லினக்ஸில் திறந்தால், மிகுந்த ஒரு குறி சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். ‘மலை’யும் ‘அருவி’யும் புணர்ந்தால் யகர உடம்படுமெய் தோன்றி ‘மலையருவி’ ஆகும் என்பதைச் சிறுவரும் அறிவர். நிரலோ நிலைமொழியின் ஈற்றில் ஐகாரத்தைக் காணாது, பவணந்தியார் அறியாத ஓர் எழுத்தைக் கண்டு திகைத்து நிற்கும்.

“எல்லாரும் லினக்ஸுக்கு மாறிவிடின் தொல்லை தீருமே” என்பர் சிலர். நாம் அதற்கு இசையோம். சிற்றூர் மாணவிக்கு வாய்த்த கணினி எதுவோ அதுவே அவளுக்குக் கிட்டும். விடை தவறினால் அவள் நிரலைப் பழிப்பதில்லை. தான் கற்ற இலக்கணத்தையே ஐயுறுகின்றாள். நம்மை வருத்துவது அதுவே.

குறை விதிகளில் இல்லை. இலங்கையரான சர்வேஸ்வரன் முதலியோர் 2021இல் வெளியிட்ட ‘தமிழி மார்ப்’ என்னும் சொற்பகுப்பு நிரல் போமா என்னும் கருவியைக் கொண்டு அமைந்தது. போமாவோ மூவகைக் கணினியிலும் இயங்கத் தக்கது. ஆகவே விதியைப் பெயர்த்துக்கொண்டு செல்லுதல் அரிதன்று. வாயிலிற் காவல் இல்லாமையே குறை. உள்ளே வரும் உரையை ஒரே வகையாக்குதலும், வரியிறுதிக் குறிகளைக் களைதலும், கோப்பு யூனிக்கோடின் எவ்வடிவிலுள்ளது என்பதைக் கணினியின் வழக்கத்துக்கு விடாமல் நிரலே வெளிப்படக் கூறுதலும் சில வரிகளில் முடியும் வேலை. இவற்றைச் செய்யாது, “எம் கணினியில் நன்றாகவே ஓடிற்று” என்று விடை கூறும் நிரலாசிரியரை நாம் மன்னிக்க இயலாது.

நம் கலாசாலையில் இனி எந்த இலக்கண நிரலையும் மாணவர் கையில் தருமுன், பொதிகை, செங்கோட்டை, மலையருவி என்னும் மூன்றையும் மூவகைக் கணினியிலும் இட்டுப் பார்த்தல் வேண்டும். தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து இதனைச் செய்யின், ஒரு பிற்பகலே போதும்.