அட்டைக்கு அட்டை

தமிழ்ப்பள்ளியில் யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக நாம் எழுதிப் பழகிய 'எனது பொழுதுபோக்கு' கட்டுரையில் அஞ்சல்தலை சேகரிப்பு வரும், நாணயம் சேகரிப்பு வரும். விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேகரிப்பது மட்டும் வராது. அது அமெரிக்கர்களின் பழக்கம். நூறு ஆண்டுகளுக்கு முன்பே சிகரெட் பெட்டிக்குள்ளும், பின்னர் சூயிங்கம் பொட்டலத்துக்குள்ளும் வைத்து விற்கப்பட்ட இந்த அட்டைகள், இன்று தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டன. டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட மிக்கி மேண்டில் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை ஒன்று, 2022இல் 12.6 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. வீட்டுப் பரணில் பழைய அட்டை ஏதும் கிடக்கிறதா என்று தேட நினைப்பவர்கள் தேடிவிட்டு வரலாம், கட்டுரை காத்திருக்கும்.

நான் எழுத வந்தது அந்த மில்லியன்களைப் பற்றி அன்று. ஐரோப்பாவில் இருந்துகொண்டு அமெரிக்க அட்டைகளைச் சேகரிக்கும் சாதாரண மனிதர்களைப் பற்றி. அவர்களிலும் காசே கைமாறாமல் அட்டைக்கு அட்டை மாற்றிக்கொள்பவர்களைப் பற்றி. அவர்களுடைய பண்டமாற்றை விற்பனையாகக் கருதி வரி விதிப்பது நியாயமன்று என்பது என் கருத்து.

2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஜெர்மனியில் ஒரு பருவம் படித்தேன். விடுதியில் என் பக்கத்து அறை நண்பன் இயந்திரப் பொறியியல் மாணவன். அவனிடம் சப்பாத்துப் பெட்டிகள் நான்கு இருந்தன. நான்கிலும் கூடைப்பந்து அட்டைகள். பெரும்பாலானவை ஒரே வீரருடையவை. டிர்க் நோவிட்ஸ்கி! ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பிறந்து, அமெரிக்காவின் டல்லாஸ் மாவரிக்ஸ் குழுவுக்கு 21 பருவங்கள் ஆடி, 2011இல் அக்குழுவுக்கு வெற்றியாளர் பட்டம் வாங்கித் தந்தவர். ஊர்க்காரர் மேல் பாசம், அட்டை மட்டும் அமெரிக்காவில். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1998இல் நோவிட்ஸ்கியைத் தேர்வு செய்த குழு டல்லாஸ் அன்று, மில்வாக்கி. அன்றே அவரை வேறொரு வீரருக்காக டல்லாஸுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். "அவரே மாற்றிக்கொள்ளப்பட்டவர்தானே, அவருடைய அட்டையைக் காசு கொடுத்து வாங்கலாமா?" என்பான் நண்பன்.

ஐரோப்பியச் சேகரிப்பாளரின் மனத்தைப் புரிந்துகொள்ள அவர்களுடைய சிறுவயதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பிள்ளைகள் வளர்வது ஒட்டுப்படங்களோடு. இத்தாலியின் மொடேனா நகரில் 1961இல் தொடங்கப்பட்ட பனினி நிறுவனம், 1970 மெக்சிகோ உலகக் கிண்ணத்திலிருந்து உலகக் கிண்ணக் காற்பந்துத் தொகுப்பேடுகளை வெளியிட்டு வருகிறது. பெட்டிக்கடையில் பொட்டலம் வாங்கு, படத்தை ஏட்டில் ஒட்டு, இரண்டாவதாக வந்த படத்தைப் பள்ளித் திடலில் நண்பனிடம் மாற்று. அந்தத் திடலில் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: ஒன்றுக்கு ஒன்று. புகழ்பெற்ற முன்னணி ஆட்டக்காரரும், மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருக்கும் கோல்காவலரும் ஏட்டில் ஆளுக்கு ஒரு கட்டம்தான் நிரப்புவார்கள். எனக்கு இல்லாதது உன்னிடம், உனக்கு இல்லாதது என்னிடம், அவ்வளவுதான் கணக்கு. நாம் தொடக்கப்பள்ளியில் போபோய்போய் அட்டைகளை மாற்றிக்கொண்டபோது இதைவிடக் கடுமையாகப் பேரம் பேசியதாக ஞாபகம்.

அமெரிக்க அட்டை அப்படி ஒட்டி முடித்துவிடுவதன்று. நெகிழி உறைக்குள் பாதுகாக்க வேண்டும். மூலை மழுங்கினால் மதிப்புப் போச்சு. 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் ஒவ்வோர் அட்டைக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, திறக்க முடியாத நெகிழிப் பேழைக்குள் வைத்து முத்திரையிட்டுத் தருகின்றன. ஒன்பது வாங்கிய அட்டையையும் பத்து வாங்கிய அட்டையையும் பக்கத்தில் வைத்து நண்பன் காட்டினான். என் கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். விலையில் மட்டும் பல மடங்கு வேறுபாடு.

இவ்வளவு விலைக் கணக்கு வந்த பிறகும், ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் பலர் அந்தத் திடல் சட்டத்தைக் கைவிடவில்லை. நண்பனின் பண்டமாற்றுத் தோழர் ஒருவர் டெக்சஸில் இருக்கிறார். நடுவில் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. அவருக்கு ஜெர்மானியக் காற்பந்துக் குழுக்களின் அட்டைகள் வேண்டும். இவனுக்கு நோவிட்ஸ்கி வேண்டும். தங்கள் தங்கள் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பி, வாரக்கணக்கில் பேசி முடிவு செய்வார்கள். யார் முதலில் அனுப்புவது என்பதற்கும் ஒரு மரபு உண்டாம். இந்த வட்டத்தில் யார் புதியவரோ அவர்தான் முதலில் அனுப்ப வேண்டும். எழுதாத சட்டம், ஆனால் எல்லாரும் மதிக்கிறார்கள்.

அட்டையைப் பொதியாக்குவதைப் பார்க்க வேண்டுமே! முதலில் மெல்லிய உறை. அதைக் கெட்டியான நெகிழி உறைக்குள் செருக வேண்டும். அதன் வாயை ஒட்ட, சுவருக்குச் சாயம் பூசுவோர் பயன்படுத்தும் நீலநிற ஒட்டுநாடாதான் சரி. சாதாரண நாடா பசையை விட்டுவிடும். நாடாவின் நுனியைச் சற்று மடித்துவிட வேண்டும், பெறுபவர் நகத்தால் சுரண்டாமல் எளிதாக உரிப்பதற்காக. பிறகு இரு பக்கமும் தடித்த அட்டை வைத்து, குமிழி உறையில் இட்டு அனுப்ப வேண்டும். முகம் தெரியாத ஒருவரின் நகத்தைப் பற்றிக் கவலைப்படும் அந்த மடிப்பை நான் வாணிபம் என்று சொல்ல மாட்டேன்.

சட்டம் அப்படிச் சொல்கிறது. 2021 ஜூலை 1ஆம் நாளுக்கு முன், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் 22 யூரோ வரையிலான சிறு பொதிகளுக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை. அன்று அந்த விலக்கு நீக்கப்பட்டது. தனிமனிதர் இன்னொருவருக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு மட்டும் 45 யூரோ வரை விலக்கு உண்டு. ஆனால், பதிலுக்கு எதுவும் பெறாமல் அனுப்பினால்தான் அன்பளிப்பு. அட்டைக்கு அட்டை கொடுத்தால் அது அன்பளிப்பும் ஆகாது. காசு இல்லாததால் விற்பனை போலவும் தெரியாது. சுங்கப் படிவத்தில் அன்பளிப்புக்கு ஒரு கட்டம், விற்பனைக்கு ஒரு கட்டம் உண்டு. பண்டமாற்றுக்குக் கட்டமே இல்லை.

டெக்சஸிலிருந்து வந்த பொதி ஒன்றைச் சுங்க அலுவலகம் நிறுத்தி வைத்தபோது நானும் நண்பனோடு போனேன். அதிகாரி பண்பாகவே பேசினார். பணம் செலுத்தியதற்கான சான்று கேட்டார். செலுத்தவே இல்லையே! மின்னஞ்சல்களைக் காட்டினான். அவர் கணினியில் அதே மாதிரி அட்டைகளின் விலையைத் தேடி, அஞ்சல் செலவோடு 60 யூரோ என்று முடிவு செய்தார். ஜெர்மனியின் 19 விழுக்காட்டு வரி; 11 யூரோ 40 சென். நண்பன் செலுத்தினான். தொகை பெரிதன்று. விடுதி உணவகத்தில் மூன்று வேளைச் சாப்பாடு. ஆனால், ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பொதி மாற்றிக்கொள்ளும் மாணவனுக்கு அதுவே பழக்கத்தை நிறுத்தப் போதுமானது.

மறுபக்கத்திலும் கதவு சாத்தப்பட்டது. 800 டாலர் வரையிலான பொதிகளுக்குத் தந்திருந்த தீர்வை விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29ஆம் நாள் நிறுத்தியது. என்ன வரி, யார் வசூலிப்பது என்று தெளிவு இல்லாததால், ஐரோப்பிய அஞ்சல் நிறுவனங்கள் பல அமெரிக்காவுக்கான பொதிகளில் பலவற்றை ஏற்பதையே தற்காலிகமாக நிறுத்தி வைத்தன. பெரிய விற்பனையாளருக்கு இது கணக்காளர் பார்த்துக்கொள்ளும் வேலை. நண்பனுக்குக் கணக்காளர் நான்தான். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பண்டமாற்று என்ற பெயரில் ஆயிரக்கணக்கான யூரோ அட்டைகளைக் கைமாற்றி வரி ஏய்ப்பவர்கள் உருவாகலாம். மில்லியன் டாலர் விலைபோகும் பொருளை விளையாட்டுச் சாமான் என்று எந்த அரசும் விட்டுவிடாது. ஆகவே, எல்லை இல்லாத விலக்கை நான் கேட்கவில்லை. அன்பளிப்புக்கு உள்ள அதே 45 யூரோவைத் தனிமனிதர்களின் பண்டமாற்றுக்கும் கொடுங்கள் என்கிறேன். சட்டத்தின் முரண் இங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. அதே அட்டையை ஒருவர் அமெரிக்காவிலிருந்து சொந்த உபயோகத்துக்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விமானத்தில் வந்து இறங்கினால், 430 யூரோ வரை வரியே இல்லை. அஞ்சல்காரர் கொண்டுவந்தால் முதல் யூரோவிலிருந்தே வரி. விமானச் சீட்டு வாங்க முடிந்தவருக்குச் சலுகை, அஞ்சல்தலை மட்டும் வாங்க முடிந்தவருக்குச் சுமை!

நண்பன் இப்போது பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே மாற்றிக்கொள்கிறான். ஸ்பெயினில் ஒருவர், போலந்தில் ஒருவர். அங்கே சுங்கத் தொல்லை இல்லை, ஆனால் நோவிட்ஸ்கியும் அவ்வளவாக இல்லை. டெக்சஸ்காரரோடு மின்னஞ்சல் மட்டும் நிற்கவில்லை. அடுத்த கோடை விடுமுறைக்கு டல்லாஸ் போக இவன் ஓர் உணவகத்தில் பகுதிநேர வேலை செய்து பணம் சேர்க்கிறான். யார் எதைத் தருவது என்ற பட்டியல் இப்போதே தயார். முதலில் யார் அனுப்புவது என்ற கேள்விதான் இந்த முறை எழாது.