மூத்தோரை உட்கார வைக்காதீர்கள்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாழும் மூத்தோர் சேர்ந்து நடத்தும் சங்கம் எங்களுடையது. லீ பஜார் மண்டிகளில் கணக்கு எழுதியவர்கள், மூட்டை சுமந்தவர்கள், வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் சம்மணமிட்டே பாதி ஆயுளைக் கழித்தவர்கள் இதில் இருக்கிறோம். எங்களில் ஒருவர் தடுமாறி விழுந்தால் வீட்டில் உடனே சொல்வது, "வயசாயிருச்சு, இனி எங்கயும் போவாதீங்க, ஒரே எடமா உக்காருங்க." அன்பினால் வரும் சொல்தான். ஆனால் அந்தச் சொல்லே எங்களை மறுபடி விழ வைக்கிறது. தடுமாற்றத்துக்குக் காரணம் தேட வேண்டும், நடையை நிறுத்தக் கூடாது. இதுவே எங்கள் நிலைப்பாடு.

நிற்பது தானாக நடக்கும் காரியம் அல்ல. கண், உள்காது, பாதம் மூன்றும் ஓயாமல் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. அதைக் கொண்டு கணுக்காலையும் இடுப்பையும் மூளை நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்கிறது. வயது ஏற ஏற மூன்றும் மங்குகின்றன. கண்ணில் புரை விழுகிறது. தலையின் அசைவை உணரும் உள்காதின் மயிர்ச் செல்கள் குறைகின்றன, குறைந்தவை திரும்ப முளைப்பதில்லை. தரையின் மேடு பள்ளம் பாதத்துக்கு உறைப்பதில்லை. தொடைச் சதையும் வற்றுவதால், இடறினால் சட்டென்று அடுத்த அடி வைத்துச் சமாளிக்கும் வேகம் போய்விடுகிறது.

குளியலறையில் இது நன்றாகத் தெரியும். நின்றபடி முகத்துக்குச் சோப்பு போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சொம்புக்குக் கை நீட்டும் நேரம் அது. கண் மூடியதும் பாரம் முழுவதும் பாதத்தின் மேலும் காதின் மேலும் விழுகிறது. பல வருடச் சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதம் அந்தப் பாரத்தைத் தாங்காது. உடம்பு ஆடுகிறது, கை சுவரைத் தேடுகிறது. கண்ணை மூடினால் தள்ளாடும் இந்தக் குறியை 19ஆம் நூற்றாண்டிலேயே ரோம்பர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதி வைத்தார். இன்றும் மருத்துவர்கள் அப்படி நிற்கச் சொல்லித்தான் சோதிக்கிறார்கள். எங்கள் வீடுகளில் அந்தக் கைக்கு எட்டுவது துண்டு போடும் பிளாஸ்டிக் கம்பி. அது கையோடு பெயர்ந்து வருகிறது.

தெருவிலும் ஒரு குறி உண்டு. நடந்துகொண்டிருக்கும் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தால் சிலர் நின்றுவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். அப்படி நிற்பவர்கள் பின்னாளில் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்களுக்கு நடையே முழுக் கவனத்தையும் கேட்கும் வேலையாகிவிட்டது. காலையில் லீ பஜாரில் ஒருபுறம் லாரி, மறுபுறம் இறக்கிய மூட்டை, நடுவில் டூ வீலர் ஹாரன். அங்கே அந்தக் கவனத்துக்கு இடம் ஏது?

எல்லாவற்றையும் வயதின் மேல் போடுவது நியாயமும் இல்லை. புரையை எடுத்துவிடலாம். சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 சத்து குறைந்து கால் மரக்கலாம், ரத்தப் பரிசோதனையில் அது தெரியும். தூக்க மாத்திரை தள்ளாட வைக்கும். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு ரத்த அழுத்தம் 20 புள்ளி இறங்கினால் அதைக் கவனித்தே ஆக வேண்டும். ஆனால் உட்கார வைத்து மட்டும் அளந்தால் அது எப்படித் தெரியும்? படுக்கையில் புரண்டால் தலை சுற்றுவதைப் பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்தே சமாளிப்பவர்கள் எங்களில் பலர். உள்காதில் நுண்துகள் இடம் மாறியதால் வரும் சுற்றல் என்றால், மருத்துவர் தலையை முறையாகத் திருப்பிவிட்டாலே பெரும்பாலும் ஓரிரு தடவையில் அடங்கிவிடுகிறது.

விழுந்து இறப்பவர்கள் உலகில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 60 வயது கடந்தவர்களே அதிகம். கால் வலுவுக்கும் சமநிலைக்கும் முறையாகப் பயிற்சி செய்தால் விழுவது சுமார் கால் பங்கு குறைகிறது என்று 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். பயிற்சியும் எளியது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலும் விரலும் தொட அடி வைத்து நடப்பது. பயந்து உட்கார்ந்தவருக்கோ சதை வற்றுகிறது, பயம் கூடுகிறது, எழும்போதே கால் நடுங்குகிறது.

1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியது தமிழ்நாட்டில்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியதும் இங்கேதான். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் அந்தப் பணியாளர்கள் ஒரு சோதனையையும் சேர்த்துச் செய்ய வேண்டுகிறோம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால், அவரைப் பிசியோதெரபிக்கு அனுப்ப வேண்டும். இதற்கு ஒரு கடிகாரம் போதும். எலும்பு முறிந்து வருபவரை, ஏன் விழுந்தார் என்று பார்க்காமல் எந்த மருத்துவமனையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

சேலம் மாநகராட்சி எங்கள் தெருக்களில் சாக்கடை மூடிகளைத் தரை மட்டத்துக்குச் சரிசெய்து, ஒரு ஓரத்தையாவது நடப்பவர்களுக்கு விட வேண்டும். மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் மூத்தோர் வரிசையில் உட்கார இருக்கை வேண்டும். மண்டிக்காரர்களே, மூட்டையை வாசற்படிக்கு உள்ளே அடுக்குங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: குளியலறைச் சுவரில் ஒரு இரும்புக் கைப்பிடியைத் திருகிப் பொருத்துங்கள், கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். தெருவில் நடந்து போகும் பெரியவரைப் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். முன்னால் வந்து பேசுங்கள்.