டல்கிளிஷ் சுமந்த பாரம்

ஸ்கொட்லாந்து உதைபந்தாட்ட வீரர் கென்னி டல்கிளிஷைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கிண்ணங்களையே எண்ணுகிறார்கள். 1977இல் செல்டிக் கழகத்திலிருந்து லிவர்பூலுக்கு வந்தார். மறு ஆண்டே ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தின் ஒரே கோலை அடித்தார். 1985இல், 34 வயதில், விளையாடிக்கொண்டே முகாமையாளரானார். முதல் பருவத்திலேயே லீக் பட்டமும் எப்.ஏ. கிண்ணமும் கிடைத்தன.

எனக்கு அவர் பெரிய மனிதராகத் தெரிவது 1989 ஏப்ரல் 15இற்குப் பின்னர்தான். ஷெபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசல் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரைப் பலிகொண்டது; அவர்களில் சிலர் பின்னாளில் இறந்தவர்கள். பொலிஸார் பழியைச் செத்தவர்கள் மீதே போட்டார்கள். அதை அப்படியே அச்சடிக்கவும் பத்திரிகை இருந்தது. டல்கிளிஷோ செத்தவீடுகளுக்குப் போனார். ஒரே நாளில் நான்கு இறுதிச்சடங்குகள். வீரர்களையும் அந்தக் குடும்பங்களோடு நிற்கவைத்தார்.

1991 பெப்ரவரியில், அணி முதலிடத்தில் இருக்கும்போதே பதவி விலகினார். அந்தப் பாரம்தான் அவரை முறித்தது என்பது என் கணிப்பு. பிறகு 1995இல் பிளக்பேர்னுக்கும் பட்டம் வென்று கொடுத்தார்.

உறவுகள் மட்டும் விடவில்லை. 27 ஆண்டுகளுக்குப் பின், 2016இல், அவை சட்டவிரோதக் கொலைகள், ரசிகர்கள் மீது தவறில்லை என்று ஜூரி தீர்ப்பளித்தது. 2019இல் அன்றைய பொலிஸ் பொறுப்பதிகாரி குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அந்த மரணங்களுக்காக இதுவரை ஒருவரும் சிறை செல்லவில்லை.